மீன் தொட்டி சுவிட்ச்

எங்கள் கடைக்கு மீன் தொட்டியும் புது மேனேஜரும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். முதலில் அவர், சில நாளிலேயே தொட்டி. இரண்டையும் சேர்த்தேதான் வெறுக்க ஆரம்பித்தேன்.

ஆரணியில் பட்டுப் புடவைக் கடை எத்தனையோ உண்டு. நான் வேலை செய்வது பெரியதும் இல்லாத, சின்னதும் இல்லாத ஒரு கடை. கீழே முகூர்த்தப் பட்டும் பில் கவுண்டரும். மாடியில் காட்டன், சிந்தெட்டிக், ஜாக்கெட் துணி. பதினான்கு வருடமாக எனக்குக் கீழேதான் இடம். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைமேல் உட்கார்ந்து கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் புடவை பிரித்துக் காட்டுவேன். மாதிரிக்கு என்று அவர்கள் கொண்டுவரும் விரல் அகலத் துணியைப் பார்த்தே, எந்த அடுக்கில் எத்தனையாவது புடவை அந்த நிறம் என்று எடுத்துப் போட என்னால் முடியும். அரக்கில் எத்தனை வகை அரக்கு, பச்சையில் எத்தனை வகைப் பச்சை என்று என் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பெருமையை மறைத்து வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மேனேஜருக்கும் அது முதல் நாளே புரிந்திருக்கும்.

அவர் வேலூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காதில் எப்போதும் ஒரு ஃபோன் கருவி. முதலாளிக்கு மூட்டு வலி, முன்போலக் கடையில் சுற்றிவர முடியவில்லை. அதனால் இவரைக் கொண்டுவந்தார். வந்த கையோடு கடையில் என்னென்னவோ மாறியது. பில் போடுகிற கம்ப்யூட்டர் மாறியது, எங்களுடைய சாப்பாட்டு நேரம் மாறியது, பிறகு என் மெத்தைக்கு வலது பக்கம் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது.

"இது இங்க எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"பசங்க மீனைப் பாத்துகினு நின்னுட்டா அம்மாங்க பொறுமையா புடவை பாப்பாங்கக்கா. வேலூர்ல எங்க கடையில அப்படித்தான்."

"எங்க கஸ்டமருங்க பொறுமையாத்தான் பாப்பாங்க. வேற எடத்துல வைங்க."

"வேற எடம் இல்லக்கா," என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதை இப்போது எழுதும்போது ஒப்புக்கொள்ளலாம். பிள்ளைகள் தொட்டியை விட்டு நகரவே மாட்டார்கள். அன்றைக்கு ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

தொட்டியில் பன்னிரண்டு மீன்கள். உடம்பில் கறுப்புக் கோடு போட்ட ஏஞ்சல் ஆறு, கோல்டு ஃபிஷ் நாலு, ஷார்க் இரண்டு. ஷார்க் என்பது மீன் கடைக்காரர்கள் வைத்த பெயர். கெளுத்தி வகைதான், மீசை உண்டு, வெள்ளிபோல மின்னும். உள்ளங்கை நீளத்துக்கு இருந்தன அந்த இரண்டும். தொட்டியின் மேல்மூடிக்கு அடியில் நீளமாக ஒரு எல்.இ.டி. விளக்கு. அதற்கு ரிமோட். நீலம், சிவப்பு, பச்சை, ஊதா என்று தானாகவே மாறிக்கொண்டே இருக்கும்படி மேனேஜர் வைத்துவிட்டார். விளக்கு மாறும்போதெல்லாம் என் வெள்ளை விரிப்பும் நிறம் மாறியது.

பட்டுப் புடவை விற்கிறவர்களுக்கு வெளிச்சம்தான் எல்லாமே. சந்தன நிறம் நீல விளக்கில் சாம்பலாகத் தெரியும், சிவப்பு விளக்கில் ரோஸாகத் தெரியும். அரக்கு, ஊதா வெளிச்சத்தில் கறுப்பாகிவிடும். சந்தேகம் வந்தால் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் காட்டுவோம். இதையெல்லாம் மேனேஜரிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை "பாக்கலாம்கா" என்றார். இரண்டாம் முறை ஃபோனில் பேசிக்கொண்டே கையைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் பயந்தது ஐப்பசி மழையில் நடந்தது. போளூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசலில் மழை கொட்டியது, புடவையை வெளியே எடுத்துப்போக வழியில்லை. பெண்ணின் அம்மா ஒரு சந்தனப் புடவையை மடியில் போட்டுப் பார்த்து, "இந்த ரோஸ் நல்லா கீதே" என்றார். நான் அப்போது இன்னொரு பக்கம் நாத்தனார்க்காரிக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. பில் போட்டார்கள், போனார்கள். மறுநாள் காலையில் திரும்பி வந்தார்கள்.

"ரோஸ்னு எடுத்தோம், வீட்ல போய்ப் பிரிச்சா சந்தனம்! ஏமாத்தறீங்களா?" என்று அந்த அம்மா கவுண்டரில் நின்று சத்தம் போட்டார்.

கடையில் கூட்டம். மேனேஜர் ஓடிவந்து சமாதானம் பேசினார். புடவையை மாற்றித் தருவதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எங்க அக்காவுக்கு வயசாவுதில்ல, கண்ணு கொஞ்சம் அப்படி இப்படி" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். பின்னால் நின்ற இரண்டு சேல்ஸ் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நாற்பத்தாறு வயது எனக்கு. அதுவரை கண்ணாடி போட்டதில்லை. அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, ஒரு வாய்கூட இறங்காமல் அப்படியே மூடினேன்.

சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் கை கழுவப் போனபோது மேனேஜர் டீ குடிக்க வெளியே போனார். நான் எழுந்து தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவிட்சை அணைத்தேன். அங்கே இரண்டு சுவிட்ச். ஒன்று தண்ணீரில் காற்றடிக்கிற மோட்டாருக்கு, ஒன்று விளக்குக்கு. விளக்கை மட்டும் அணைத்தேன்.

அந்த நொடியில் தொட்டிக்குள் ஏதோ வெடித்தது போல இருந்தது. ஷார்க் இரண்டும் அம்பு மாதிரிப் பாய்ந்தன. ஒன்று கண்ணாடியில் மூக்கால் இடித்தது. "டொக்" என்று சத்தம் எனக்குக் கேட்டது. இடித்த மீன் அப்படியே ஒருக்களித்து அடியில் போய்க் கூழாங்கல்மேல் படுத்துவிட்டது. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. செத்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அது ஒருமுறை நடுங்கியது, நிமிர்ந்தது, ஒன்றுமே நடக்காதது போல நீந்திப் போனது. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து என்ன தோன்றியது என்றால், "சரி, சாகாது" என்று.

மேனேஜர் டீ குடித்துவிட்டு வந்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார். மீன்கள் மறுபடி சிதறின. அவர் அதைக் கவனிக்கவில்லை. என் முகத்தில் என்ன தெரிகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் போனால் நான் அணைப்பேன். திரும்பி வந்தால் அவர் போடுவார். அவர் முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அணைப்பேன். நான் புடவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினால் போட்டுவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கே கிடையாது. ஒருநாள் சுவிட்சின் மேல் செலோ டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்து, உருட்டி, அவருடைய டேபிள்மேல் வைத்தேன். மறுநாள் அகலமான பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதற்குக் கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். இந்த விளக்கைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை வாய் திறந்து பேசிக்கொண்டது கிடையாது. "அந்தக் கட்டு எங்கக்கா?", "மூணாவது ரேக்ல சார்" என்று மற்றதெல்லாம் மரியாதையாகவே நடந்தது.

மீன்களை நான் கவனிக்க ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். அன்பினால் என்று சொல்லமாட்டேன். அணைத்துவிட்டு ஓர் இரண்டு நொடி அங்கே நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவே. விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் ஏஞ்சல்கள் நீந்துவதை நிறுத்தி அந்தரத்தில் அப்படியே நின்றன. வந்த புதிதில் மை போட்டதுபோல இருந்த கறுப்புக் கோடுகள் வெளிறி, தண்ணீர் பட்டு அழிந்த கோலம் மாதிரி ஆகிவிட்டன. நிறத்தைப் பார்த்துப் பிழைக்கிற எனக்கு அது தெரியாமல் போகுமா? கோல்டு ஃபிஷ் நாலும் தீனி போட்டால்கூட மேலே வரத் தயங்கின. ஷார்க்குகள் பகல் முழுக்க மோட்டார் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வால் மட்டும் வெளியே தெரிய நின்றன. அதில் ஒன்றுக்கு மூக்கு நுனியில் தோல் உரிந்து வெள்ளையாகியிருந்தது. கண்ணாடியில் பாசி வேறு படர்ந்தது.

தொட்டி விற்ற மீன்காரர் தண்ணீர் மாற்ற மாதம் இரண்டு முறை வருவார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னக் கடை வைத்திருப்பவர். டி.வி.எஸ். வண்டியில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வருவார். அன்று வந்தவர் மூடியைத் திறந்ததுமே கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு இந்த ஷார்க்குக்கு மூஞ்சி இப்படி கீது? லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறீங்களா?"

மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். நான் மெத்தைமேல் இருந்தேன். நான் கையிலிருந்த புடவை மடிப்பைப் பார்த்தேன். அவர் தன் ஃபோனைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் மீன்காரர். "இதுங்களுக்கு இமை கிடையாது. நம்ம கண்ணுல டார்ச் அடிச்சா டக்குனு மூடிக்குவோம். அது எங்க மூடும்? இருட்டுலருந்து திடீர்னு வெளிச்சம் வந்தா ஏதோ புடிக்க வருதுன்னு ஓடும். ஓட இன்னா இடம் இருக்குது, நாலடி. அதுலயும் ஷார்க்குதான் ரொம்ப பயந்தாங்கொள்ளி."

"அப்ப என்ன பண்ணணும்?" என்று மேனேஜர் கேட்டார்.

"காலையில மொதல்ல கடை லைட்டைப் போடுங்க. அரை மணி கழிச்சு தொட்டி லைட்டு. சாயங்காலம் மொதல்ல தொட்டி லைட்டை நிறுத்துங்க, அப்புறமா கடை லைட்டு. வெள்ளை போதும், இந்த டிஸ்கோ எல்லாம் வேணாம். எட்டு மணி நேரத்துக்கு மேல எரிய வுடாதீங்க. அதுவும் தூங்கணுமில்ல?"

மேனேஜர் தலையாட்டினார். நானும் மனதுக்குள் தலையாட்டினேன். மீன்காரர் தண்ணீர் மாற்றிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் மேனேஜர் ரிமோட்டை எடுத்து ஊதாவை வைத்தார். அவர் மாடிக்குப் போனதும் நான் அணைத்தேன்.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அதுவரை செய்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்று ஒரு சாக்கு இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஷார்க் ஒவ்வொரு முறை முட்டும்போதும் "அந்த ஆள் விடட்டும், நான் விடுகிறேன்" என்று நினைத்துக்கொள்வேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார்.

கார்த்திகை முகூர்த்தம் நெருங்கியது. ஒருநாள் மாலை கடை மூடுகிற நேரத்தில் மேனேஜர் கவுண்டரில் நின்றபடியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அக்கா, நாளைலருந்து நீங்க மாடியில இருங்க. காட்டனைப் பாத்துக்கங்க. கீழ சின்னப் பொண்ணுங்க இருக்கட்டும்."

"முகூர்த்த நேரத்துலயா? எதுக்கு சார்?"

"கம்ப்ளெய்ன்ட் வந்துச்சில்ல. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தார். நிமிரவில்லை. பதினான்கு வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனதில் மறுநாள் காலையில் தாடை வலித்தது.

கடை திறக்கிற முறை எங்களுக்குள் மாறி மாறி வரும். அந்த வாரம் என் முறை. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போனேன். எங்கள் கடைக்கு ஜன்னல் கிடையாது. விளக்குப் போடாவிட்டால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுதான். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. ஷட்டர் வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மீன்கள் அடியில் அசையாமல் இருந்தன. தூங்குகிற மீனை அன்றுதான் நான் கிட்டத்தில் பார்த்தேன். செவுள் மட்டும் மெல்ல மெல்ல அசைந்தது.

கடை விளக்கைப் போடவில்லை. நேராகத் தொட்டி விளக்கைப் போட்டேன். அணைத்தேன். போட்டேன். அணைத்தேன். எத்தனை முறை என்று தெரியாது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே கேட்டது. ஒவ்வொரு முறையும் அந்த ஆளுடைய முகம்தான் எனக்கு முன்னால் இருந்தது. தொட்டிக்குள் டொக் டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாகப் போட்டபோது, முந்தின நாள் மாலை தீனி போட்ட மேனேஜர் மூடிக் கண்ணாடியைச் சரியாக நகர்த்தி மூடாமல் விட்டிருந்த இடைவெளி வழியாக ஒரு ஷார்க் வெளியே பாய்ந்தது. என் வெள்ளை விரிப்பின்மேல் வந்து விழுந்தது.

அது துள்ளியது. நான் நின்றேன். ஐயோ, விரிப்பு ஈரமாகிறதே, பக்கத்தில் பிரிக்காத புடவைக் கட்டு இருக்கிறதே என்றுதான் எனக்கு முதலில் பதறியது. கட்டை எடுத்துத் தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகுதான் மீனுக்குக் குனிந்தேன். உடனே எடுத்துப் போட்டுவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே இல்லை. கையில் அது வழுக்கியது, மீசை உள்ளங்கையில் பட்டது. மூக்கில் ரத்தம். தண்ணீரில் விட்டதும் ஒருக்களித்து அடிக்குப் போனது. வழக்கம்போல எழுந்துவிடும் என்று காத்திருந்தேன். அதற்குள் பெருக்குகிற அம்மா வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டது. விரிப்பைச் சுருட்டி வேறொன்று போட்டேன். கடை விளக்குகளைப் போட்டேன். மாடிக்குப் போய்விட்டேன்.

பதினோரு மணிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளை, "அம்மா, மீன் தூங்குது" என்று சொன்னது மாடிவரை கேட்டது. படியில் நின்று எட்டிப் பார்த்தேன். ஷார்க் வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "முகூர்த்தம் ஆரம்பிக்கிற நேரத்துல இப்படி ஒரு சாவா? யாருய்யா பாத்துக்கிறது இதை?" என்று கத்தினார்.

மேனேஜர் மூடியைப் பார்த்தார். நகர்ந்திருந்த கண்ணாடியைத் தொட்டார்.

"நான்தான் சார். நேத்து தீனி போட்டுட்டு மூடியைச் சரியா மூடல. துள்ளி அதுல மோதி அடிபட்டிருக்கும். என் தப்புதான்."

"வேலூர்ல இதெல்லாம் கிழிச்சேன்னு சொன்னியே!" என்று முதலாளி கஸ்டமர்கள் முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மூடிக் கண்ணாடியைச் சரியாக நகர்த்தி வைத்தார். எனக்குப் போளூர் அம்மா நினைவுக்கு வந்தார். உள்ளே இனித்தது. அப்படி இனித்ததை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது, மற்றதைவிட.

அந்த இனிப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மேனேஜர் மாறிவிட்டார். ரிமோட்டை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார். வெள்ளை வெளிச்சம் மட்டும். ஷட்டர் திறக்கிற முறை யாருடையதாக இருந்தாலும் அவரும் காலையிலேயே வந்துவிடுவார். கடையின் தூரத்து விளக்கை முதலில் போடுவார், பிறகு நடு விளக்கு, பிறகு தொட்டிக்குப் பக்கத்து விளக்கு. அதற்குப் பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து சும்மா இருப்பார். அரை மணி கழித்து எழுந்துபோய்த் தொட்டி விளக்கைப் போடுவார். மாடிக்கு ஏற நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை ஒதுக்கி வழி விடுவார். நான் விறுவிறுவென்று ஏறிப் போய்விடுவேன்.

ஒரு வாரத்தில் ஏஞ்சல்களுக்குக் கோடு திரும்பி வந்தது. மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது. இன்னொரு ஷார்க் மட்டும் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

என்னால் பொறுக்க முடியாமல் போனது எது என்று யோசித்திருக்கிறேன். குற்ற உணர்ச்சி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. என் தப்பை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டு, தினமும் காலையில் அந்தப் படியில் நல்லவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் எனக்கு ஒரு படி மேலே போய்விட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதை உடைக்க வேண்டும் என்றுதான் ஒருநாள் காலையில் படியில் நின்று சொன்னேன்.

"அன்னிக்கு ஷார்க்கு செத்ததுக்கு மூடி காரணமில்ல. நான்தான் லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சேன். வெளிய வந்து விழுந்துச்சு. நான்தான் எடுத்து உள்ள போட்டேன்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"கவுண்டருக்கு மேல கேமரா இருக்குதே, மறந்துட்டீங்களா? அன்னிக்கு மத்தியானமே பாத்துட்டேன்."

நான் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், புடவைக் கட்டை முதலில் நகர்த்தியதையும் இந்த ஆள் பார்த்திருக்கிறார்.

"அப்புறம் ஏன் முதலாளிகிட்ட சொல்லல? எனக்குப் பாவம் பாத்தீங்களா?"

"பாவமா? உங்களுக்கா?" என்று இப்போதுதான் என்னைப் பார்த்தார். "சொன்னா அன்னிக்கே உங்கள அனுப்பிடுவாரு. சீசன் நேரத்துல மாடிக்கு நான் யாரை வைப்பேன்? அவ்ளோதான்."

"அவ்ளோதானே, சரி," என்று நான் படியேறப் போனேன்.

"இருங்க," என்றார். குரல் மாறியிருந்தது. "அந்த வாரத்து ரெக்கார்டிங் மொத்தமும் பாத்தேன். நீங்க எத்தனை தடவை பண்றீங்கன்னு எண்ணலாம்னுதான் பாத்தேன். எண்ணி முதலாளிகிட்ட காட்டலாம்னு. என்னையும் எண்ண வேண்டியதா போச்சு."

"எத்தனை?"

"உங்களவிட நான்தான் அதிகம்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தொட்டி விளக்கைப் போட்டார். அன்று அரை மணி ஆகியிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவர்மேல் மரியாதை வந்ததா என்றால், வரவில்லை. நான் கொண்டுவந்த ஒரே ஆயுதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார் என்ற எரிச்சல்தான் வந்தது. ஆனால் மாடியில் போய் உட்கார்ந்து காட்டன் புடவைகளுக்கு விலைச் சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன். மூன்று சீட்டைக் கோணலாக ஒட்டி மறுபடி பிய்த்து ஒட்டினேன்.

அடுத்த முறை மீன்காரர் வந்தபோது என்னையும் கீழே கூப்பிட்டார்கள். அவர் குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது கூட்டமா இருக்கிற ஜாதி. தனியா வெச்சா பயந்தே போயிடும். என்னாண்ட ஒரு கஸ்டமர் வீட்ல பெரிய தொட்டி இருக்குது, ஏழெட்டு ஷார்க்கு கீது. அங்க வுட்டுடலாமா?"

"எடுத்துகினு போங்க," என்று மேனேஜரும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதைப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. மீன்காரர் கடை விளக்குகளைப் பாதி அணைக்கச் சொன்னார். வெளிச்சம் குறைந்தால் அது அலையாது என்றார். மேனேஜர் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தார். நான் பாலித்தீன் பையின் வாயை விரித்துப் பிடித்தேன். மீன் உள்ளே வந்ததும் பைமேல் கறுப்புக் கவர் ஒன்றைப் போட்டு மூடிக் கட்டினார் மீன்காரர். "இருட்டா இருந்தா தூங்கிகினே வரும்" என்று சொல்லி வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு போனார். அது அங்கே நன்றாக இருக்கிறது என்று பிறகு ஒருமுறை சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் என்னைக் கீழே வரச் சொன்னார் மேனேஜர். சின்னப் பெண்களுக்கு அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கஸ்டமர் என்னைக் கேட்கிறார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அதையும் அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

"வரேன். ஆனா தொட்டிய நகத்துங்க. வெள்ளை லைட்டு கூட விரிப்புல அடிக்குது."

"தொட்டிய நகத்த முடியாதுக்கா, தண்ணிய எல்லாம் எறக்கணும், மீனுங்க மறுபடி பயப்படும். மெத்தைய நகத்துங்க."

"பதினாலு வருசமா இருக்கிற மெத்தை சார் அது."

"இருக்கட்டுமே. மெத்தைக்கு உசுரா இருக்குது?"

கால் மணி நேரம் சண்டை போட்டோம், வாய்விட்டு, கடைக்கே கேட்கிற மாதிரி. கடைசியில் மெத்தைதான் நகர்ந்தது, வாசல் பக்கமாக எட்டடி. பகல் வெளிச்சம் அங்கே கொஞ்சம் விழுகிறது. நிறம் பார்க்க அதுவே வசதி என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. போன வாரம்கூட சாப்பாட்டு நேரத்தைப் பற்றி முட்டிக்கொண்டோம்.